முதல் ஆய்வுக் கட்டுரையை எங்கே அனுப்புவது?

முதல் கட்டுரையை எந்த ஆய்விதழுக்கு அனுப்புவது என்ற கேள்வி பிஎச்.டி. சேர்ந்த இரண்டாம் ஆண்டிலேயே வர வேண்டும். நம் பல்கலைக்கழகங்களில் பலருக்கு அது சைனாப்சிஸ் (ஆய்வேட்டுக்கு முன் தரும் சுருக்கம்) நெருங்கும்போதுதான் வருகிறது. அப்போது கையில் ஆறு மாதம்கூட இருக்காது. அந்த அவசரத்தில் எது நல்ல இதழ் என்று விசாரிக்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. எது சீக்கிரம் போடும் என்பதே ஒரே கேள்வியாகிவிடுகிறது. நான் பார்த்தவரை, தவறான இடத்தில் கட்டுரை போட்ட மாணவர்களில் பெரும்பாலோர் சோம்பேறிகள் அல்லர். தாமதமாக ஆரம்பித்தவர்கள், அவ்வளவுதான். அதனால் இதழ்களை ஒப்பிடும்போது பணம், பெயர், வேகம் மூன்றோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வேன்: அங்கே அனுப்பினால் உங்கள் கட்டுரையை யாராவது உட்கார்ந்து படிப்பார்களா?

அதற்கு முன், கட்டாயம் எவ்வளவு என்று பார்த்துவிடலாம். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2016 விதிமுறைப்படி, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் மதிப்பாய்வு உள்ள, அதாவது துறை வல்லுநர்கள் படித்துப் பார்த்த பிறகே கட்டுரையை ஏற்கும் இதழில் ஒரு கட்டுரையாவது வந்திருக்க வேண்டும். இரண்டு கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்திருக்கவும் வேண்டும். 2022 நவம்பரில் வந்த புதிய விதிமுறை இந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. ஆனால் பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த விதியில் அதை வைத்துக்கொள்ளலாம். பல இடங்களில் இன்னும் ஒன்றோ இரண்டோ கேட்கிறார்கள். சில இடங்களில் ஸ்கோபஸ் அல்லது வெப் ஆஃப் சயன்ஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளங்களில் இருக்கும் இதழாக வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. சீனியர் சொன்னதையோ பக்கத்துத் துறையில் சொன்னதையோ நம்ப வேண்டாம். நீங்கள் பதிவு செய்த ஆண்டுக்குரிய விதிமுறையை வாங்கி, அந்தப் பத்தியை நீங்களே படியுங்கள்.

வேலைக்கான கணக்கு வேறு. 2018 யுஜிசி விதிமுறையில், பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பணிக்கு நேர்காணலுக்கு அழைக்க ஒரு மதிப்பெண் அட்டவணை இருக்கிறது. அதில் ஒரு கட்டுரைக்கு 2 மதிப்பெண், அதிகபட்சம் 10. ஐந்து கட்டுரைக்கு மேல் போனால் அந்த அட்டவணையில் ஒன்றும் கூடாது. பிஎச்.டி. பட்டத்துக்கோ 30 மதிப்பெண். எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக ஆய்வேட்டைத் தள்ளிப்போடுபவர்கள் இந்த இரண்டு எண்களையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்ற காலமும் போய்விட்டது. 2017இல் யுஜிசி ஓர் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலை வெளியிட்டது. 2018 மே மாதம் அதிலிருந்து 4,305 இதழ்களை ஒரே அடியாக நீக்கியது. அதே ஆண்டு பூனே பல்கலைக்கழகத்தின் பூஷண் பட்வர்தனும் அவர் குழுவினரும் அந்தப் பட்டியலை ஆராய்ந்து ‘கரன்ட் சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். பல்கலைக்கழகங்களின் பரிந்துரையால் உள்ளே வந்த, வேறெந்தத் தரவுத்தளத்திலும் இல்லாத இதழ்களில் 88 சதவீதத்துக்கும் மேல் தரமற்றவையாக இருக்கக்கூடும் என்பது அவர்கள் முடிவு. 2019இல் யுஜிசி–கேர் பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டு, நிறுவனங்களே தரத்தை முடிவு செய்துகொள்ளட்டும் என்று சில அளவுகோல்களை மட்டும் யுஜிசி கொடுத்தது. ஆக, பொறுப்பு இப்போது துறையிடமும் நெறியாளரிடமும் மாணவரிடமும் வந்து நிற்கிறது.

பணக் கணக்கு

ஒரு வணிக ஆய்விதழ் படிப்பவரிடம் காசு வாங்கும், அல்லது எழுதுபவரிடம் வாங்கும். படிப்பவரிடம் வாங்குவது சந்தா இதழ். எல்செவியர், ஸ்பிரிங்கர், வைலி, டெய்லர் அண்ட் பிரான்சிஸ், சேஜ் போன்ற பதிப்பகங்களின் பழைய இதழ்களில் பல இந்த வகை, அல்லது இரண்டு வழியும் திறந்திருக்கும் ஹைப்ரிட் வகை. கட்டுரை ஏற்கப்பட்டதும் ஒரு படிவம் வரும். ஓப்பன் அக்சஸ் (யாரும் இலவசமாகப் படிக்கும் வழி) வேண்டுமா, சந்தா வழியிலேயே வெளியிடலாமா என்று கேட்கும். இரண்டாவதைத் தேர்ந்தால் பெரும்பாலும் ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை. இந்த ஒரு விஷயம் தெரியாததால், பெரிய பதிப்பகம் என்றால் லட்சக்கணக்கில் கேட்பார்கள் என்று ஒதுங்கிக்கொண்டு, பிறகு பெயர் தெரியாத இதழுக்கு ஐயாயிரம் கட்டும் மாணவர்கள் நிறையப் பேர். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

எழுதுபவரிடம் வாங்குவது கட்டண ஓப்பன் அக்சஸ். அறிவியல் துறைகளில் 2,000 முதல் 3,000 டாலர் என்பது சாதாரணமாகப் பார்க்கக்கூடிய தொகை. ‘நேச்சர்’ 2020இல் இந்த வழியை அறிவித்தபோது வைத்த கட்டணம் 9,500 யூரோ. இதை நம் ஊர்க் கணக்கில் பாருங்கள். ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். 2,500 டாலர் என்பது இரண்டு லட்ச ரூபாயைத் தாண்டும். ஐந்து மாத உதவித்தொகைக்கும் மேல். அந்த உதவித்தொகையும் இல்லாமல், தனியார் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக ஆய்வு செய்பவர் நிலை இன்னும் மோசம். ஏழை நாடுகளுக்குப் பதிப்பகங்கள் தரும் தானியங்கிக் கட்டண விலக்கில் இந்தியா பொதுவாக வராது. தனிப்பட்ட முறையில் விலக்கு கேட்கலாம், சில இதழ்கள் தரும். ஆனால் அனுப்பும் முன்பே கேட்க வேண்டும். ஏற்கப்பட்ட பிறகு கேட்டால் பல இதழ்கள் பரிசீலிப்பதே இல்லை.

ஓப்பன் அக்சஸுக்கு ஆதரவான வாதம் வலுவானது என்பதை மறுக்க மாட்டேன். பொதுப் பணத்தில் நடந்த ஆய்வைப் பணம் இல்லாதவரும் படிக்க வேண்டும். ஆனால் அதற்குக் கட்டணம்தான் வழி என்பதில்லை. இதழுக்கு அனுப்பும் முன் உங்கள் வரைவை ஆர்க்கைவ், பயோஆர்க்கைவ், எஸ்எஸ்ஆர்என் போன்ற முன்பதிப்புத் தளத்தில் போடலாம். உங்கள் துறை இதழ்கள் அதை அனுமதிக்கின்றனவா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும், பெரும்பாலானவை அனுமதிக்கின்றன. கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு, பதிப்பகம் வடிவமைத்த பிடிஎஃப்பை விட்டுவிட்டு, திருத்தி முடித்த உங்கள் சொந்தக் கோப்பைப் பொதுவில் வைக்கவும் பல பதிப்பகங்கள் இடம் கொடுக்கின்றன. சொந்த இணையப் பக்கத்தில் உடனே வைக்கலாம், பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் ஓராண்டு கழித்து வைக்கலாம் என்பது ஸ்பிரிங்கரின் வழக்கமான ஏற்பாடு. இதைச் செய்ய அரை மணி நேரம் போதும். இருந்தும் செய்பவர்கள் மிகக் குறைவு.

இந்தியாவுக்குள் படிப்பவர்களைப் பொறுத்தவரை இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. 2025 ஜனவரி முதல் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் நடப்பில் இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள், 6,300 அளவுக்கு அரசு நிறுவனங்கள். சந்தா இதழில் வந்த உங்கள் கட்டுரையை ஒரு மாவட்டத் தலைநகரின் அரசுக் கல்லூரியில் இருப்பவரும் இப்போது எடுத்துப் படிக்க முடியும். சுயநிதிக் கல்லூரிகள் இதற்குள் வரவில்லை. தமிழ்நாட்டில் அது சின்ன விடுபடல் இல்லை. பொறியியல் ஆய்வு மாணவர்களில் பலர் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களுக்காகவாவது உங்கள் கோப்பைப் பொதுவில் வையுங்கள்.

எழுதுபவரிடமும் வாங்காமல், படிப்பவருக்கும் இலவசமாகத் தரும் மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. அறிவியல் கழகங்களும் பல்கலைக்கழகங்களும் நடத்தும் இதழ்கள் இவை. சி.வி. ராமன் 1934இல் பெங்களூரில் தொடங்கிய இந்திய அறிவியல் அகாதமியின் ‘பிரமாணா’, ‘சாதனா’, ‘ஜர்னல் ஆஃப் ஜெனிடிக்ஸ்’ ஆகியவற்றை அகாதமியின் தளத்திலேயே இலவசமாகப் படிக்கலாம். நம் மாணவர்கள் இவற்றைத் தாண்டிப் போவதற்கு ஒரே காரணம் இம்பாக்ட் ஃபேக்டர் (மேற்கோள் எண்ணிக்கையை வைத்து இதழுக்குத் தரும் எண்) குறைவு என்பது. எனக்கு அது சரியான காரணமாகத் தெரியவில்லை. இந்திய மண், இந்தியப் பயிர், இந்தியத் தரவு சார்ந்த ஆய்வை அக்கறையோடு படிக்கக்கூடிய மதிப்பீட்டாளர் அங்கே கிடைப்பார். இந்திய ஆய்வை அக்கறையோடு படிப்பதில், சமூக அறிவியலில் மும்பையின் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’க்கு அந்த இடம் உண்டு. அங்கே வந்த கட்டுரையைத் துறைக்கு வெளியே இருப்பவர்களும் படிக்கிறார்கள்.

படிப்பவர் யார்

ஆய்வு மாணவருக்கு ஓர் இதழ் தரக்கூடிய மிகப் பெரிய பொருள், என் கணக்கில், மதிப்பீட்டாளர் கடிதம். உங்களைத் தெரியாத இருவர், எந்தத் தயவும் இல்லாமல், உங்கள் முறையியலில் இந்த இடத்தில் ஓட்டை, இந்த முடிவுக்கு இந்தத் தரவு போதாது, இந்த நூலைப் பார்க்கவில்லையே என்று எழுதுவார்கள். ஆய்வேடு பிறகு வெளியிலிருந்து குறைந்தது இரண்டு தேர்வாளர்களிடம் போகிறது. அவர்கள் கேட்கக்கூடிய கேள்விகளில் பாதியை இந்த இருவர் முன்கூட்டியே கேட்டுவிடுவார்கள். கட்டுரை நிராகரிக்கப்பட்டாலும் அந்தக் கடிதம் உங்களிடம் இருக்கும். அதை வைத்து அத்தியாயத்தைத் திருத்தியவர் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் எவ்வளவு நிதானமாகப் பேசுகிறார் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

காசு வாங்கிக்கொண்டு அப்படியே போடும் இதழ் மாணவரிடமிருந்து பறிப்பது இதைத்தான். மூன்று நாளில் அக்செப்டன்ஸ், வாட்சாப்பில் அழைப்பு, ஐஎஸ்எஸ்என் எண் இருக்கிறது என்ற பெருமை. ஐஎஸ்எஸ்என் வெறும் அடையாள எண், தரச் சான்று ஆகாது. ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர், வேண்டுமென்றே தவறுகள் நிரப்பிய ஒரு போலி மருத்துவக் கட்டுரையை 304 ஓப்பன் அக்சஸ் இதழ்களுக்கு அனுப்பிப் பார்த்து, 2013இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார். 157 இதழ்கள் அதை ஏற்றுக்கொண்டன. ஹைதராபாத்தை மையமாகக் கொண்ட ஆய்விதழ்ப் பதிப்பகமான ஓமிக்ஸ் குழுமத்தின் மீது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டு, 2019இல் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்த வேண்டும் என்ற தீர்ப்பைப் பெற்றது. அங்கே கட்டுரை போட்டவர்களில் உண்மையாக உழைத்து ஆய்வு செய்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் உழைப்பு அந்தப் பெயரோடு சேர்ந்தே போய்விட்டது.

முழுப் போலிகளை ஒதுக்குவது எளிது. சிரமம் நடுவில் இருப்பவற்றில்தான். ஹிண்டாவி என்ற பதிப்பகம் ஒரு காலத்தில் மதிப்பாகவே பார்க்கப்பட்டது. வைலி அதை 2021இல் வாங்கியது. காசுக்குப் போலிக் கட்டுரை தயாரித்துத் தரும் கட்டுரை ஆலைகள் சிறப்பிதழ்கள் வழியாக உள்ளே புகுந்தது தெரிந்ததும், 2023இல் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட ஹிண்டாவி கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அந்த ஆண்டின் இறுதியில் வைலி அந்தப் பெயரையே கைவிடுவதாக அறிவித்தது. அதே 2023 மார்ச்சில் வெப் ஆஃப் சயன்ஸ் பல இதழ்களை நீக்கியது. எம்டிபிஐ பதிப்பகத்தின் மிகப் பெரிய பொதுச் சுகாதார இதழும் அதில் ஒன்று. அனுப்பும்போது பட்டியலில் இருந்த இதழ், உங்கள் ஆய்வேடு முடியும்போது இல்லாமல் போகலாம். ஆகவே சிறப்பிதழில் எழுதச் சொல்லிப் புகழ்ச்சியோடு வரும் மின்னஞ்சலுக்கு அவசரப்பட்டுப் பதில் போடாதீர்கள். ஸ்கோபஸ் தளத்தில் இதழின் பெயரைத் தேடினால் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை சேர்த்திருக்கிறார்கள் என்று காட்டும். இறுதி ஆண்டு பழையதாக இருந்தால் அந்த இதழ் வெளியேற்றப்பட்டிருக்கலாம். நல்ல இதழ்களின் பெயரை அப்படியே திருடி நடத்தும் போலித் தளங்களும் உண்டு. கூகுளில் கிடைத்த முகவரியை விட்டு, ஸ்கோபஸ் பக்கமோ பதிப்பகத்தின் பக்கமோ காட்டும் இணைப்பு வழியாகப் போங்கள்.

ஓர் இதழை எடைபோட நான் சொல்லும் சோதனை எளிமையானது. உங்கள் ஆய்வேட்டின் நூற்பட்டியலை எடுங்கள். நீங்கள் உண்மையில் படித்து, வாதாடி, மேற்கோள் காட்டிய கட்டுரைகள் எந்த இதழ்களில் வந்தன? நான்கைந்து பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். உங்கள் கட்டுரைக்கான மதிப்பீட்டாளர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். நூற்பட்டியலில் ஒருமுறைகூட வராத இதழுக்கு அனுப்பப் போகிறீர்கள் என்றால், அதற்குத் தனியாக ஒரு காரணம் சொல்ல முடிய வேண்டும்.

துறைக்குத் துறை

கணினி அறிவியலில் இந்த ஒப்பீடே மாறிவிடும். அங்கே முதல் தர வெளியீடு என்பது பெரும்பாலும் மாநாடுதான். நியூரிப்ஸ், ஐசிஎம்எல், ஏசிஎல் போன்றவற்றில் வரும் கட்டுரை பல இதழ்க் கட்டுரைகளைவிட மதிப்புள்ளது, நாள் குறித்து முடிவும் சொல்லிவிடுவார்கள். உங்கள் பல்கலைக்கழக விதி இதழ் என்று மட்டும் சொன்னால், மாநாட்டுக் கட்டுரையை விரிவாக்கி இதழுக்கு அனுப்புவது நடைமுறையில் உள்ள வழி. கணிதத்தில் ஓராண்டுக் காத்திருப்பு சாதாரணம். 1991 முதல் இருக்கும் ஆர்க்கைவில் வரைவைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள்.

தமிழ் ஆய்வு மாணவர்களிடம் சற்று நின்று பேச வேண்டும். தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்தில் எழுதுவதா? தமிழியல் ஆய்வு வெளியுலகுக்குப் போக வேண்டும் என்றே தனிநாயகம் அடிகள் 1952இல் ‘தமிழ் கல்ச்சர்’ இதழை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அந்தத் தேவை இன்றும் இருக்கிறது. கல்வெட்டு, மொழியியல், கடல் வணிகம், சமய வரலாறு என்றால் உங்களோடு வாதிடக்கூடியவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுதினால்தான் அவர்கள் மறுக்கவோ ஏற்கவோ முடியும். ஆனால் பாடவேறுபாடு, உரை மரபு, வட்டார வழக்காறு, நாட்டார் கதை என்றால் அந்தக் கட்டுரையை உண்மையில் சோதிக்கக்கூடியவர் தமிழில் படிப்பவர். அங்கே ஸ்கோபஸுக்காக ஆங்கிலத்தில் சுருக்கி எழுதினால், சான்றுப் பாடல்கள் பாதியும் விளக்கம் பாதியும் காணாமல் போகும். தமிழ் இதழ்களில் மதிப்பாய்வு ஒழுங்காக நடப்பவை குறைவு என்பது உண்மை. அந்தக் குறைவுக்கு மருந்து, அவற்றைத் தேடி அனுப்புவதுதான். உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் ‘ஜர்னல் ஆஃப் தமிழ் ஸ்டடீஸ்’ இரண்டு மொழிகளிலும் கட்டுரை ஏற்கிறது என்பதால், தொடங்க அது ஓர் இடம்.

ஆய்வேட்டுக்கு முன்னா பின்னா என்று கேட்டால், ஒன்றோ இரண்டோ முன்னால், மீதி பின்னால் என்பேன். ஓர் அத்தியாயத்தை அப்படியே வெட்டி அனுப்பினால் கட்டுரை ஆகாது. அத்தியாயத்தில் நான்கு வாதங்கள் இருக்கும், கட்டுரைக்கு ஒன்றுதான் வேண்டும். ஆய்வேடு, ஆய்வேடுகளின் தேசிய இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஏறிய பிறகு அனுப்பும் கட்டுரைக்கு, ஒற்றுமை சோதிக்கும் மென்பொருள் உங்கள் ஆய்வேட்டையே காட்டும். எடிட்டருக்கு எழுதும் கடிதத்திலேயே இது என் ஆய்வேட்டிலிருந்து உருவானது என்று சொல்லிவிட்டால் பெரும்பாலான இதழ்கள் ஏற்றுக்கொள்கின்றன. முன்னால் வெளிவந்த கட்டுரைக்கு இதே சிக்கல் ஆய்வேட்டில் வரும். 2018 கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறை 10 சதவீதம் வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை என்கிறது. உங்கள் சொந்தக் கட்டுரையை விலக்கிச் சோதிக்க நூலகத்தில் என்ன நடைமுறை என்று முன்பே கேட்டு, தேவையான கடிதத்தை நெறியாளரிடம் வாங்கி வையுங்கள்.

நெறியாளர் பெயர் சேர்ப்பதை முதல் வரைவுக்கு முன்பே பேசிவிடுங்கள். ஆய்வகத் துறைகளில் அவர் பெயர் வருவது இயல்பு. கருவி, நிதி, கேள்வி எல்லாம் அவருடையவை. மானுடவியல், இலக்கியம், வரலாறு போன்ற துறைகளில் தனிப்பெயரில் எழுதுவதே பெரும்பாலும் வழக்கம். வேலை செய்யாத மூன்றாம் நபரின் பெயரைச் சேர்க்கச் சொன்னால், இதழின் ஆசிரியர் பங்களிப்புப் படிவத்தைக் காட்டி, "இதில் உங்கள் பங்கு என்று என்ன எழுதட்டும் சார்?" என்று பணிவாகக் கேட்கலாம். பல நேரம் அதுவே போதும்.

ஆறு மாதம்தான் இருக்கிறது என்றால்

சரி, இதையெல்லாம் படிக்கும்போதே சைனாப்சிஸ் தேதி நெருங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் காசு கொடுத்துப் போடும் இதழ் கடைசி வழியாகக்கூட வேண்டாம். பல இதழ்கள் முதல் முடிவுக்குச் சராசரியாக எத்தனை நாள் ஆகிறது என்று முகப்பிலேயே போடுகின்றன. நூற்பட்டியலில் இருந்து எடுத்த நான்கைந்து பெயர்களை அந்த எண்ணை வைத்து வரிசைப்படுத்துங்கள். முழுக்கட்டுரைக்குப் பதில் ஆய்வுக் குறிப்பு, சிறு கட்டுரை என்ற பிரிவுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை சின்னவை என்பதால் மதிப்பீட்டாளர் கிடைப்பதும் எளிது. ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பாதீர்கள், அது தெரிந்தால் இரண்டும் போகும். எடிட்டர் மேசையிலேயே திருப்பி அனுப்பினால் அது பெரும்பாலும் சில வாரங்களுக்குள் வந்துவிடும். அன்றைக்கே அடுத்த பெயருக்கு வடிவம் மாற்றி அனுப்பலாம்.

உங்கள் பல்கலைக்கழகத்துக்கு அச்சில் வந்த கட்டுரை வேண்டுமா, அக்செப்டன்ஸ் கடிதம் போதுமா என்று ஆய்வுப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். கடிதம் போதும் என்றால் சில மாதம் மிச்சம். அதுவும் முடியவில்லை என்றால் நீட்டிப்புக்கு விண்ணப்பியுங்கள். 2022 விதிமுறை பிஎச்.டி.க்கு ஆறு ஆண்டு வரை இடம் தருகிறது, அதன் பிறகும் மறுபதிவு மூலம் இரண்டு ஆண்டு வரை நீட்டிக்கலாம். நீட்டிப்புக் கட்டணமும் அந்த மாதங்களின் செலவும் சுமைதான். ஆனால் போலி இதழில் வந்த கட்டுரையைத் திரும்ப எடுக்க வழியே இல்லை. அது உங்கள் பெயரைத் தேடும் ஒவ்வொரு தேர்வுக் குழுவுக்கும் தெரியும்படி இணையத்தில் நிற்கும். அதே முடிவுகளை நல்ல இதழுக்கு அனுப்பவும் முடியாது, ஏற்கெனவே வெளியானது என்று திருப்பிவிடுவார்கள்.